சிசிஎன்ஏ பரீட்சைக்குத் திருமலையிலிருந்து படிப்பது: தனியாகவா, ஊர் வகுப்பிலா, ஒன்லைனிலா, கொழும்பிலா?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்து ஒரு கிழமைக்குள் என் வட்ஸ்அப்புக்கு ஒரே கேள்வி பல வடிவில் வந்து சேரும். "அண்ணா, சிசிஎன்ஏ செய்யலாம் எண்டு இருக்கிறன். எங்க படிக்கிறது நல்லம்?" (சிசிஎன்ஏ என்பது கணினி வலையமைப்பு வேலைக்குச் சிஸ்கோ நிறுவனம் பரீட்சை வைத்துத் தரும் சான்றிதழ்.) இந்தமுறை கேட்டவர்களில் மூன்று பேர் மனதில் நிற்கிறார்கள். ஒருவர் கிண்ணியாவில் சிசிடிவி பூட்டும் தம்பி. இன்னொருவர் தம்பலகாமத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் தங்கை. மூன்றாமவர் உவர்மலையில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறவர். மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது அது பிழைத்துவிடும். அதனால்தான் நாலு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

எந்த வழியைப் பார்க்கும் முன்னும் ஒன்றை மனதில் வையுங்கள். எங்கள் ஊரில் சிசிஎன்ஏ வகுப்பை முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பரீட்சையை எழுதியவர்கள் குறைவு. நான் பார்த்த அளவில் அதற்குக் காரணம் பாடம் கடினமாக இருந்ததல்ல. வகுப்புக்குக் கட்டியதோடு கையில் இருந்த காசு தீர்ந்துவிட்டது. ஆகவே எந்த வழியின் செலவையும் வகுப்பு முடியும் நாள் வரை கணக்கிடாதீர்கள். பரீட்சை எழுதி வெளியே வரும் நாள் வரை கணக்கிடுங்கள்.

## பரீட்சை எப்படிப்பட்டது

சிசிஎன்ஏ இப்போது ஒரே தாள், இலக்கம் 200-301. பல பிரிவாக இருந்த பழைய சிசிஎன்ஏக்களை எடுத்துவிட்டு 2020 பெப்ரவரி 24 இல் சிஸ்கோ இதைக் கொண்டுவந்தது. நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி இருந்தால் அது தனி. முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. தமிழில் எழுத முடியாது, எங்களுக்கு ஆங்கிலத் தாள்தான். சித்தியடைந்தால் சான்றிதழ் மூன்று வருடம் செல்லும்.

பாடத்திட்டத்தில் ஆறு பகுதிகள். வலையமைப்பு அடிப்படைக்கு 20 சதவீதம், சுவிட்ச், விலான் (ஒரே சுவிட்சைப் பல தனி வலையமைப்பாகப் பிரிப்பது), வயர்லெஸ் பகுதிக்கு 20, ரவுட்டிங்குக்கு (தரவு போகும் பாதையைத் தீர்மானிப்பது) 25, டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுப்பது), நாட் (முகவரியை மாற்றி அனுப்புவது) போன்ற சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10. 2024 ஒகஸ்ட் 20 முதல் 1.1 பதிப்பு நடைமுறையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவும் டெராஃபோர்ம் என்ற ஆட்டோமேஷன் கருவியும் அதில் புதிதாக வந்தன, அதே வகைக் கருவிகளான பப்பெட்டும் ஷெஃப்பும் போய்விட்டன. யாராவது உங்களுக்குத் தரும் நோட்ஸில் பப்பெட், ஷெஃப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தால் அது பழைய நோட்ஸ். தந்தவருக்கு நன்றி சொல்லி ஓரமாக வைத்துவிடுங்கள்.

இரண்டு விதிகள் இந்தப் பரீட்சையை மற்றவற்றிலிருந்து வேறாக்குகின்றன. ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் பழகிய "தெரியாததை விட்டிட்டுக் கடைசியில செய்" என்ற முறை இங்கே பலிக்காது. அடுத்தது, தவறினால் ஐந்து நாள் கழித்துத் திரும்ப எழுதலாம், ஆனால் முழுக் கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும்.

இரண்டாவது விதியின் பாரத்தை நான் அனுபவித்திருக்கிறேன். 2022 பெப்ரவரியில் முதல்முறை கொழும்பில் எழுதினேன். ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைப் பகிரும் ஒரு முறை) கேள்வி ஒன்றில் கால் மணித்தியாலம் மாட்டுப்பட்டு நின்றதால் கடைசிக் கேள்விகளை வாசிக்கவே நேரமில்லாமல் தவறினேன். அப்போது டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், கட்டணம் அறுபதாயிரம் அளவில் இருந்தது. இன்னும் ரெண்டு மாதம் படித்துவிட்டு எழுதுவோம் என்று நினைத்தேன். மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. அதே கட்டணம் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 13 மணித்தியால மின்வெட்டும் பெற்றோல் கியூவுமாக இருந்த அந்த வருடத்தில் யாருக்குப் படிப்பு ஓடும்? அடுத்த முயற்சியை 2023 நடுப்பகுதியில்தான் எழுத முடிந்தது, அப்போது சித்தியடைந்தேன். டொலரை 300 ரூபாயாக எடுத்தால் இன்று இந்தக் கட்டணம் தொண்ணூறாயிரம். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி பிடிக்கும் சேவைக் கட்டணமும் அதற்குமேல் வரும். நாலு வழிக்கும் இந்தத் தொகை பொது. இதைத் தனியாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் வழியைத் தேட வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

கைக்காசு முதல் அளவுகோல், அதைச் சொல்லியாயிற்று. கண்ணுக்குத் தெரியாத செலவும் அதற்குள்ளேதான் அடங்கும்: விட்ட வேலைநாள், பஸ் காசு, வாடகை.

அடுத்து, உங்கள் கை கட்டளைத் திரையில் எத்தனை மணித்தியாலம் இருக்கும் என்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில் உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் விருந்தினர் வைஃபைக்காகப் புதிதாக விலான் 30 போட வேண்டியிருந்தது. ரிசப்ஷன் கணினிகள் விலான் 10இல், கமராக்கள் விலான் 20இல். இரண்டு சுவிட்சையும் இணைத்து எல்லா விலான்களையும் கடத்தும் ட்ரங்க் போர்ட்டில் "சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 30" என்று அடித்து என்டர் தட்டினேன். ஒரு நிமிடம் போகவில்லை, ரிசப்ஷன் அக்கா போன் எடுத்துவிட்டார். "தம்பி, பில் அடிக்க ஏலாமக் கிடக்கு. கமராவும் கறுப்பா நிக்குது." அந்தக் கட்டளை முப்பதைச் சேர்க்கவில்லை. பத்தையும் இருபதையும் தூக்கி எறிந்துவிட்டு முப்பதை மட்டும் விட்டிருந்தது. "விலான்" என்ற சொல்லுக்கும் 30க்கும் நடுவே "அட்" என்று ஒரு சிறு சொல் வந்திருக்க வேண்டும். இதே பாடத்தை வீடியோவில் மூன்று முறை பார்த்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. இப்போதைய பரீட்சையில் நேரடியாகக் கட்டளை அடித்துச் செய்யும் லாப் கேள்விகளும் வருகின்றன, அங்கே இந்தக் குறை அப்படியே புள்ளியைத் தின்றுவிடும்.

மூன்றாவது, நீங்கள் பிழையாக விளங்கிக்கொண்டதை யார் பிடிப்பார்கள் என்பது. ஒரு ரவுட்டரில் மூன்று பாதை இருக்கிறது: 10.10.0.0/16 ஸ்டாடிக் (நாங்களே கையால் எழுதியது), 10.10.20.0/24 ஓஎஸ்பிஎஃப், 10.10.20.64/26 ரிப் (ஓஎஸ்பிஎஃப் போல இன்னொரு முறை). 10.10.20.70க்குப் போகும் பக்கெட் எந்தப் பாதையில் போகும்? ஸ்டாடிக்கின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (பாதையை எவ்வளவு நம்பலாம் என்ற எண், குறைந்தால் நல்லது) 1, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. ஆகவே ஸ்டாடிக் என்று பல கிழமை நம்பிக்கொண்டிருந்தேன். சரியான விடை ரிப். நீளமான பிரிஃபிக்ஸைத்தான், அதாவது சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ளதைத்தான், ரவுட்டர் முதலில் பார்க்கும். ஒரே வலையமைப்புக்கு, ஒரே நீளத்தில், இரண்டு பாதை வந்தால் மட்டுமே டிஸ்டன்ஸ் பேச்சுக்கு வரும். பாலையூற்றில் இருக்கும் நண்பன் ஒரு பேப்பரில் இந்த மூன்று வரியையும் எழுதிக் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பிழையோடேயே பரீட்சைக்குப் போயிருப்பேன். தனியாகப் படிக்கிறவருக்குத் தன் பிழை சரி போலவேதான் தெரியும்.

இவற்றோடு உங்கள் வீட்டு நிலை, ஆங்கில வாசிப்பு, படிப்புக்குப் பிறகு எந்த ஊரில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பவையும் எடையில் ஏறும்.

| | தனியாக | ஊர் வகுப்பு | ஒன்லைன் நேரலை | கொழும்பில் தங்கி |
|---|---|---|---|---|
| கைக்காசு | மிகக் குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | மிக அதிகம் |
| மறைந்த செலவு | இழுபடும் மாதங்கள் | விட்ட வேலைநாள், பரீட்சைக்கு மிஞ்சாத காசு | டேட்டா, பார்க்காமல் குவியும் பதிவுகள் | வாடகை, சாப்பாடு, இல்லாமல்போகும் சம்பளம் |
| கைப்பழக்கம் | நீங்கள் வைப்பதே அளவு | கணினி எண்ணிக்கையைப் பொறுத்தது | நீங்கள் வைப்பதே அளவு | நல்ல நிலையத்தில் அதிகம் |
| பிழை பிடிக்க ஆள் | தேடிக்கொள்ள வேண்டும் | உண்டு | ஓரளவு | உண்டு |
| யாருக்கு | வேலையில் இருப்பவர் | அடிப்படையே தெரியாதவர் | வீட்டைவிட்டு வர முடியாதவர் | கொழும்பிலேயே வேலை தேடுபவர் |

## தனியாக, வீட்டில்

நான் சித்தியடைந்தது இப்படித்தான், அதனால் இதன் பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

கருவிக்குக் காசு தேவையில்லை. சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகாடமியில் இலவசமாகக் கணக்குத் திறந்தால், வலையமைப்பைத் திரையிலேயே கட்டிப் பழகும் பக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருள் கிடைக்கும். பழைய லப்டொப்பிலும் ஓடும். சிசிஎன்ஏ அளவுக்கு அதுவே போதும். ஜிஎன்எஸ்3, ஈவிஇ-என்ஜி போன்ற மற்றப் பயிற்சி மென்பொருள்கள் எல்லாம் நல்லவை, ஆனால் அவற்றை நிறுவி ஓடவைக்கும் பாட்டில் படிப்பு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். முழுப் பாடத்திட்டத்தையும் ஒழுங்காகச் சொல்லித்தரும் வீடியோத் தொடர்கள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. பாவித்த ரவுட்டர் வாங்க வேண்டாம். கைக்கு ஒரு உண்மையான சுவிட்ச் பழக வேண்டும் என்றால் மூன்று பேர் சேர்ந்து ஒன்றை வாங்குங்கள். கன்சோல் கேபிளைச் செருகி, கடவுச்சொல் மறந்துபோன சுவிட்சை மீட்டெடுக்கும் வேலையை ஒருமுறை செய்து பாருங்கள்.

என் கணக்கு: ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம், மாதத்தில் 26 நாள், ஆறு மாதம். 234 மணித்தியாலம் வரும். அதில் பாதி கட்டளை அடிப்பதற்கே போனது. வீடியோ 30 நிமிடம் பார்த்தால் லாப் 45 நிமிடம், மிச்சம் 15 நிமிடம் சப்நெட்டிங் (ஐபி முகவரித் தொகுதியைச் சிறு வலையமைப்புகளாகப் பிரிக்கும் கணக்கு) என்று பிரித்திருந்தேன். சப்நெட்டிங் பழகப் பழகத்தான் வரும். /26 என்றால் 64 முகவரி, பாவிக்கக்கூடியது 62, அடுத்த வலையமைப்பு 64இல் தொடங்கும் என்று பேனை இல்லாமல் சொல்லும்வரை விடக்கூடாது. திரும்பி வர முடியாத பரீட்சையில் சப்நெட்டிங்கில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் லாப் கேள்விக்குப் போகும்.

இதன் உண்மையான செலவு காலம். கேட்பார் இல்லாதபடியால் ஆறு மாதம் பதினெட்டு மாதமாக நீளும். கோயில் திருவிழா, கலியாணவீடு, மாரிமழை, கரண்ட் கட் எல்லாவற்றுக்கும் படிப்புத்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். இரண்டு காரியம் செய்தால் இது ஓரளவு அடங்கும். ஒன்று, படிக்கத் தொடங்கிய நாலாம் மாதமே பரீட்சைக்குத் திகதி எடுத்துவிடுங்கள். காசு கட்டிய பிறகு படிப்பு வேறு வேகத்தில் ஓடும். மற்றது, ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டால் போதும். அவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருக்கத் தேவையில்லை. நீங்கள் சொல்லும் விளக்கத்தைக் கேட்டு "ஏன்?" என்று கேட்பவராக இருக்க வேண்டும்.

ஆங்கிலப் பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ள முடிகிற, கணினியில் ஏற்கெனவே ஏதோ வேலை செய்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஐபி முகவரி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் இதில் இறங்கினால் இரண்டாம் கிழமையிலேயே சோர்ந்துபோவார்.

## ஊரில் ஒரு வகுப்பு

தமிழில் விளக்கம் கிடைக்கும் என்பது இதன் பெரும் பலம், அதைச் சிறிதாக எண்ணக்கூடாது. ஸ்பானிங் ட்ரீயை (சுவிட்சுகளுக்கிடையே தரவு சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் முறை) ஒரு நல்ல ஆசிரியர் தமிழில் பத்து நிமிடத்தில் விளக்கிவிடுவார். அதை ஆங்கிலத்தில் வாசித்துப் பிடிக்க ஒரு பின்னேரம் போகும். தெரியாததை எழும்பிக் கேட்கலாம். பக்கத்து வாங்கில் இருப்பவரே பிறகு உங்கள் கூட்டாளியாகவும் ஆகலாம்.

நானும் ஆரம்பத்தில் நகரில் ஒரு வகுப்புக்குப் போனேன். பன்னிரண்டு பேருக்கு நாலு கணினி. ஒருவர் அடிக்க இருவர் பார்ப்போம். அடிப்படைப் பகுதிக்கு இரண்டரை மாதம் போய்விட்டதால் பாதுகாப்பும் ஆட்டோமேஷனும் இரண்டே சனிக்கிழமையில் முடிந்தன. பாடத்திட்டத்தில் கால்வாசி அந்த இரண்டு நாளுக்குள் அடங்கிப்போனது. கடைசியில் ஒரு சான்றிதழ் தந்தார்கள். அது அந்த நிலையத்தின் வகுப்பை முடித்ததற்கான சான்றிதழ். சிசிஎன்ஏ வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் சுயவிபரக்கோவையில் "சிசிஎன்ஏ" என்று போட்டு நேர்முகத்தில் தலைகுனிந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே காசு கட்டும் முன் அலுவலகத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள். படிப்பிக்கும் சேர் 200-301 எழுதிச் சித்தியடைந்தவரா, அவருடைய சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறதா? ஆளுக்கு ஒரு கணினி உண்டா? 1.1 பதிப்பைப் படிப்பிக்கிறீர்களா? நிலையம் சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகாடமியில் பதிவு செய்ததா? கடைசிக் கேள்வி முக்கியம். அகாடமியின் சிசிஎன்ஏ மூன்று பாடநெறிகளாக நடக்கும். அவற்றை முடித்து இறுதிச் சோதனையில் நல்ல புள்ளி எடுப்பவர்களுக்குப் பரீட்சைக் கட்டணத்தில் கழிவு வவுச்சர் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அப்படியான கழிவு கிடைத்தால் வகுப்புக் கட்டணத்தின் ஒரு பகுதியே திரும்பி வந்த மாதிரி.

மறைந்த செலவு சனி, ஞாயிறு. நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வேலை செய்பவருக்குச் சனி, ஞாயிறுதான் கூலி கூடிய நாட்கள். மூதூரிலிருந்து வருபவருக்குப் போக்குவரத்தில் அரைநாள் போய்விடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்தாருக்கு வள்ளத்துக்குக் காத்திருக்கும் பாடு இல்லை. இருந்தாலும் பின்னேர வகுப்பு முடிந்து திரும்பும் பெண்பிள்ளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அடிப்படை தெரியாதவருக்கு இதுவே நல்ல தொடக்கம். ஆனால் முழு வகுப்புக்கும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். முதல் பாடநெறிக்கு மட்டும் கட்டி, அடிப்படை பிடிபட்ட பிறகு மிச்சத்தைத் தனியாகத் தொடரலாமா என்று பாருங்கள்.

## ஒன்லைன் நேரலை வகுப்பு

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தமிழில் நேரலையாகப் படிப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு உட்காரலாம் என்றால், வீட்டைவிட்டு வெளிக்கிட முடியாத ஒரு தாய்க்கு வேறு எந்த வழியும் இந்த வசதியைத் தராது.

"பதிவு இருக்கு, பிறகு பார்க்கலாம்" என்ற எண்ணம்தான் இதன் ஆபத்து. இரண்டு வகுப்பு தவறினால் மூன்றாவது விளங்காது, நாலாவதுக்கு உட்கார மனம் வராது. அதோடு கமராவை நிறுத்தி வைத்து ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் உங்கள் பிழையை யாரும் பிடிக்கமாட்டார்கள். இருபது பேருக்குக் குறைந்த வகுப்பாகப் பாருங்கள். வீட்டு வேலையாக லாப் தந்து, நீங்கள் செய்த பக்கெட் ட்ரேசர் கோப்பைத் திறந்து பார்த்துப் பிழை சொல்லும் ஆசிரியரா என்று முதல் கிழமையிலேயே தெரிந்துவிடும்.

## கொழும்பில் தங்கிப் படிப்பது

ஏ6 வீதியால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கிழமைக்குக் கிழமை போய்வரும் தூரமில்லை, தங்கித்தான் ஆக வேண்டும். பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிப் படிப்பித்தால்தான் படிப்பு என்று எங்கள் ஊரில் பல பெற்றோர் இன்னும் நினைக்கிறார்கள். அதற்காக நகையை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கொழும்பில் நல்ல நிலையங்கள் இருக்கின்றன, உண்மையான ரவுட்டரும் சுவிட்சும் ராக்கில் அடுக்கியிருக்கும் லாப்கள் இருக்கின்றன. ஆனால் சிசிஎன்ஏ என்ற இந்தப் படிக்கு அவை கட்டாயமில்லை. ராக்கில் நின்று கற்கும் வேலை அதற்கு அடுத்த படியில் பெரிதாக உதவும். ஆறு மாத வாடகை, சாப்பாடு, போக்குவரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த ஆறு மாதத்தில் ஊரில் உழைத்திருக்கக்கூடிய சம்பளத்தையும் கீழே எழுதிக் கூட்டுங்கள். எந்த வகுப்புக் கட்டணமும் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் நிற்காது.

பிறகு யாருக்கு இது சரி? கொழும்பிலேயே வேலை செய்யத் தீர்மானித்தவருக்கு. வலையமைப்புக் கண்காணிப்பு மையங்கள், வங்கித் தலைமையகங்கள், பெரிய ஒருங்கிணைப்பு நிறுவனங்கள் எல்லாம் அங்கேதான். ஆரம்பநிலை வேலைக்கு இன்று கூப்பிட்டால் நாளை நேர்முகத்துக்குப் போக வேண்டிவரும். கூடப் படித்தவர் வேலைக்குச் சேர்ந்து உங்களுக்கும் சொல்லிவிடுவார். சிங்களம் பழகும், அது வேலைத்தலத்தில் சிசிஎன்ஏக்குச் சமமாக உதவும். அப்படிப் போகிறவருக்கும் என் யோசனை வேறு: முதல் நாலு மாதத்தை ஊரில் படித்துவிட்டுக் கடைசி இரண்டு மாதம் கொழும்பில் இருங்கள். வேலை தேடிக்கொண்டே படித்து, பரீட்சையையும் அங்கேயே எழுதிவிடலாம்.

## கேட்கப்படும் இன்னும் இரண்டு வழிகள்

"டம்ப்" எனப்படும் கேள்வி விடைக் கோப்பை மனப்பாடம் செய்து எழுதலாமா என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். வேண்டாம். பரீட்சைக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைக்கு அது எதிரானது, பிடிபட்டால் சான்றிதழையே ரத்துச் செய்வார்கள். பிடிபடாவிட்டாலும் முதல் நேர்முகத்தில் "இந்த சுவிட்சில ட்ரங்க் போடுங்கோ" என்று விசைப்பலகையைத் தள்ளிவிடுவார்கள்.

சிசிஎன்ஏக்குப் பதிலாக வேறு சான்றிதழ் எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. கொம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வேர்க் பிளஸ் 90 நிமிடத் தாள், ஒரு நிறுவனத்தின் கருவியைச் சாராதது, கருத்துக்களை நன்றாகச் சோதிக்கும். சிஸ்கோ போல வலையமைப்புக் கருவி செய்யும் ஜூனிப்பரின் ஜேஎன்சிஐஏவும் ஆரம்பநிலைக்கானதுதான். இரண்டும் மரியாதையானவை. ஆனால் திருமலையிலும் கொழும்பிலும் வேலை கொடுப்பவருக்கு உடனே விளங்கும் பெயர் சிசிஎன்ஏதான். ஒரு கட்டணத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதிலேயே போடுங்கள்.

## எங்கே எழுதுவது: வீட்டிலா, நிலையத்திலா

பரீட்சையை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனம் வழியாகத்தான் பதிவு. கொழும்பில் உள்ள பரீட்சை நிலையத்துக்குப் போகலாம், அல்லது வீட்டில் கமராவின் முன் எழுதலாம். இரண்டுக்கும் கட்டணம் ஒன்றே.

வீட்டில் எழுதுவதென்றால் அறையின் நாலு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மேசை வெறுமையாக இருக்க வேண்டும். பேப்பர், பேனைக்கு அனுமதியில்லை, திரையில் உள்ள வெள்ளைப்பலகையில் மவுஸால் எழுத வேண்டும். சப்நெட்டிங்கைப் பேனையால் எழுதிப் பழகியவருக்கு இது பெரிய இடைஞ்சல். யாரும் உள்ளே வரக்கூடாது, கேள்வியை வாய்விட்டு வாசிக்கவும் கூடாது. எங்கள் வீடுகளில் இரண்டு மணித்தியாலம் ஒரு கதவு திறக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் போனாலும் லப்டொப் பற்றரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிறு பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. அன்று யாராவது வீட்டில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருந்தால்? ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் இல்லாமல் வீட்டில் எழுத உட்காராதீர்கள். ஐப்பசி முதல் தை வரையான மாரிகாலத்தைத் தவிர்த்துத் திகதி எடுங்கள்.

நிலையத்தில் அழித்தெழுதும் பலகையும் பேனையும் தருவார்கள். கரண்ட், இணையம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பயணம் ஒன்றுதான் பாடு. இரவு பஸ்ஸில் தூங்காமல் போய் இறங்கிக் காலை ஒன்பது மணிக்குப் பரீட்சைக்கு உட்காராதீர்கள், என் முதல் முயற்சியில் அந்தப் பிழையையும் விட்டேன். முதல்நாளே போய் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்குங்கள், அல்லது பின்னேர நேரம் எடுங்கள். போகக்கூடியவர் யாரானாலும் நிலையத்துக்கே போங்கள் என்பேன்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சிஸ்கோ கணக்குத் திறக்கும்போது முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். அவசரத்தில் முதலெழுத்தை மட்டும் போட்டுவிட்டால், அடையாள ஆவணத்தில் உள்ள பெயரோடு பொருந்தாமல் வாசலிலேயே நிற்க நேரும். கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். பழைய லமினேட் அடையாள அட்டையை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

## கேட்ட மூவருக்கும்

கிண்ணியாத் தம்பிக்கு: நீங்கள் தினமும் கேபிள் இழுக்கிறீர்கள், ஐபி கமராவுக்கு முகவரி கொடுக்கிறீர்கள். அடிப்படையில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தனியாகப் படியுங்கள். வகுப்புக்கு என்று சேர்த்த காசை எடுத்து இன்றே பரீட்சைக் கணக்கில் போடுங்கள். ஞாயிறு பின்னேரத்துக்கு ஒரு ஆளைப் பிடியுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு எடுங்கள்.

தம்பலகாமத்துத் தங்கைக்கு: சிறிய ஒன்லைன் வகுப்பு ஒன்று. ஆறு மாதம் என்று யார் சொன்னாலும் நீங்கள் பத்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வரும் கிழமைகளும் அந்தக் கணக்கில் இருக்கட்டும். பரீட்சையை வீட்டில் எழுதும் நிலை வந்தால் அன்று குழந்தையை அம்மா வீட்டில் விடுங்கள்.

உவர்மலைக்காரருக்கு: உங்களுக்குக் கொழும்புதான் இலக்கு என்றால் போங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம். நாலு மாதம் இங்கே இருந்து பக்கெட் ட்ரேசரில் விலானும் ஓஎஸ்பிஎஃப்பும் ஏசிஎல்லும் (எந்தத் தரவை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) கை தானாக அடிக்கும்வரை பழகுங்கள். வாடகை கட்டத் தொடங்கும் நாளுக்கு முன்பே பரீட்சைத் திகதி உங்கள் கையில் இருக்க வேண்டும். சித்தியடைந்த பிறகு மூன்று வருடத்தில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தாலும் சரிவரும். என்னுடையது 2026 நடுப்பகுதியோடு முடிகிறது, நானும் திரும்ப லாப் திறந்துவிட்டேன். நீங்கள் ஊரில் இருக்கும் அந்த நாலு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள், சேர்ந்து படிப்போம்.